கார்ட்டூன் படம் பெரியவர்களுக்கும் சரிவருமா? அண்மையில் வந்த குடும்பப் படங்களில் எது தேறும்?

தாராளமாகச் சரிவரும். நான் விமர்சகன் எல்லாம் இல்லை. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்து வீட்டு டீவியில் படம் பார்க்கிற ஆள். என் கணக்கில் இப்போதைய குடும்பப் படங்கள் "இந்த இடத்தில் அழு" என்று ஆளைப் போட்டு உலுக்குகின்றன. கார்ட்டூன்கள்தான் நம்மைச் சும்மா பார்க்க விடுகின்றன.

'ஃப்ளோ' பாருங்கள். லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்தது. 2024இல் வந்து, 2025இல் ஆஸ்கர் வாங்கியது. அதுவும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்த படம். ஊரெல்லாம் வெள்ளம், ஒரு படகு. அதில் ஒரு பூனை, நாய், குரங்கு மாதிரி இருக்கிற லெமூர், பெரிய எலி மாதிரி இருக்கிற கேபிபாரா, நெட்டைக்கால் பறவை ஒன்று. மனிதரும் இல்லை, வசனமும் இல்லை. இது எவ்வளவு பெரிய வசதி என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். தென்மேல் பருவமழை பிடித்தால் தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு டீவியை எவ்வளவு கூட்டி வைத்தாலும் ஒரு வசனமும் காதில் விழாது. இந்தப் படத்தில் காதுக்கு வேலையே குறைவு. அப்பாயிக்கும் கதை சுத்தமாகப் புரிந்தது. அந்த லெமூர் கண்ணாடி, பளபளக்கும் சாமான் என்று கூடை நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. "தண்ணி கழுத்துக்கு வந்திருச்சு, இதுக்குச் சாமான் கேக்குது பாரு" என்று அப்பாயி திட்டித் தீர்த்தார். அதே அப்பாயிதான் 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து, மண்சரிவு வரலாம் என்று எல்லோரையும் கிளம்பச் சொன்னபோது, டிரங்குப் பெட்டி இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று நின்றார். அண்ணன் பெட்டியைத் தூக்க, நான் அப்பாயியைக் கூட்டிப்போனேன்.

'இன்சைட் அவுட் 2' கொஞ்சம் நீட்டி முழக்குகிற படம்தான். ஆனால் ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். ஒரு பிள்ளையின் தலைக்குள் இருக்கிற உணர்ச்சிகள்தான் இதில் பாத்திரங்கள். அதில் 'பதற்றம்' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருக்கிறது. ராத்திரியில் பிள்ளை தூங்காமல் கிடக்கும்போது, அது ஒரு கூட்டத்தையே மேசையில் உட்கார வைத்து, நாளைக்கு என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று படம் படமாக வரையச் சொல்லி விரட்டுகிறது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், "சித்தப்பா, இது அம்மாதானே?" என்று கேட்டுவிட்டாள். அண்ணி குசினிக்குள் போய்விட்டார்.

சரி, நம் படங்களுக்கு வருவோம். மாரி செல்வராஜின் 'வாழை' முக்கால்வாசி அருமை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிற பையன் கதை. அவன் சேற்றுக்குள் தாரைத் தலையில் வைத்து நடக்கும்போது எங்கள் அம்மா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுக்குத் தலையில, நமக்கு நெத்தியில" என்றார். நெற்றியில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடை சுமந்தவர். கூலியில் ஒரு ரூபாய் கூட்டித்தரச் சொல்லி அந்த ஆட்கள் நிற்கிற இடத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு இங்கே வருடக்கணக்காகக் கத்தி, 2021இல்தான் கிடைத்தது. கடைசிப் பகுதியில்தான் எனக்குக் குறை. துக்கம் தானாகவே வந்துவிட்டது, அதற்கு மேலும் பிழிந்திருக்க வேண்டாம்.

'மெய்யழகன்' பேச்சு, பேச்சு, பேச்சு. வெளியான பிறகு அவர்களே ஏறக்குறைய 18 நிமிடம் வெட்டினார்கள் என்றால் பாருங்கள். அரவிந்த்சாமிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே மாதம் வந்தது. நெருக்கடி தாங்காமல் இலங்கையிலிருந்து படகேறி, சென்னையில் போய் ஒளிந்து வாழும் குடும்பம். பேசினால் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் அவர்கள் பயம். சின்னப் பையன் வருகிற இடமெல்லாம் சிரித்தோம். ஆனால் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவது சீனி கூடிய தேத்தண்ணி. இன்னொன்று, தமிழ்ப் படத்தில் இலங்கைத் தமிழர் என்றாலே யாழ்ப்பாணப் பேச்சுதான். மலையகத் தமிழரான எங்களை அந்தக் கதையில் போட்டிருந்தால் படமே இல்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டால் சென்னையில் எவனுக்கும் சந்தேகம் வராது, திருச்சிப் பக்கமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

எங்கள் ஆட்களும் கடல் தாண்டினவர்கள்தான். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது. அப்படிப் போன குடும்பங்கள் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்றைக்கும் கொழுந்துதான் பறிக்கின்றன. அதை யாராவது படமாக எடுத்தால் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறிப்போய்ப் பார்ப்பேன். கோத்தகிரியில் இருக்கிற பெரியப்பாவிடம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' எப்படி என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "சிம்ரன் நல்லா நடிச்சிருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, மழையா வெயிலா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.