மின்னுவது அழுக்கு, தோல் இல்லை

கேள்வி: எட்டு வருடப் பழைய கார் ஒன்று வாங்கினேன். சந்தன நிற லெதர் சீட். டிரைவர் சீட் மட்டும் கறுத்துப்போய் எண்ணெய் தடவியது போல மின்னுகிறது, ஏறி இறங்குகிற பக்கத்து மேட்டில் லேசான வெடிப்பும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் இளகும் என்கிறார் மாமனார். தடவலாமா, லெதர் கண்டிஷனர் வாங்கலாமா?

எண்ணெய் வேண்டாம். மாமனார் தோல் செருப்புக்குத் தடவிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறார், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைய கார் சீட் தோலின் மேல் பெரும்பாலும் நிறப்பூச்சும் அதற்கு மேல் மெல்லிய பாலியூரித்தேன் படலமும் இருக்கும். எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே இறங்காது. மேலேயே கிடந்து தூசியை இழுக்கும், நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், உங்கள் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டும்.

அந்த மினுமினுப்பும் வியர்வை, தலை எண்ணெய், தூசி சேர்ந்த அழுக்குதான். சுத்தமான கார் தோல் பொதுவாக மங்கலாகத்தான் இருக்கும்.

அதைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒன்று. உங்கள் சீட் நிஜத் தோல்தானா? உறை மடிந்து போகிற அடிப்பக்கத்தில் வெட்டிய ஓரம் எங்காவது தெரியும். நார் நாராக இருந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின். பல கார்களில் உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் மட்டும் தோல், மற்றதெல்லாம் வினைல், அதாவது ரெக்சின். ரெக்சினுக்கு லெதர் கண்டிஷனர் வாங்குவது காசுக்குக் கேடு, துடைத்தாலே போதும்.

சரி, தோல்தான் என்றால் நிழலில் நிறுத்தி, மடிப்புகளில் இருக்கும் மண்ணை முதலில் வேக்குவம் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் அதையே வைத்துத் தேய்ப்பீர்கள். லெதர் கிளீனரை சீட்டில் அடிக்காமல் மென்மையான பிரஷில் ஊற்றி, நுரை வரும்படி ஒரு சாண் இடமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். துணி கறுத்து வருவதைப் பார்த்தால் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கும்! ஒரே தடவையில் போகாது, அழுத்தாமல் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். துளை போட்ட சீட் என்றால் ஈரம் இன்னும் குறைவாக. பாத்திரம் கழுவும் திரவம், சமையல் சோடா, சானிடைசர் எதுவும் கிட்டே வரக் கூடாது. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, காரம் அதற்கு ஆகாது. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் மேல்படலத்தையும் நிறத்தையும் கரைக்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்பதும் உப்புத்தாள் மாதிரிதான், அழுக்கோடு நிறத்தையும் சுரண்டிவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு கண்டிஷனர். துணியில் சுண்டைக்காய் அளவு எடுத்து மெல்லிசாகத் தடவி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். பூச்சு உள்ள தோலில் இதன் வேலையே கொஞ்சம்தான், உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். வெயிலில் நிறுத்தும்போது கண்ணாடிக்கு மறைப்பு வைப்பது இதைவிட அதிகம் உதவும்.

வெடிப்பைக் கண்டிஷனர் மூடாது. அங்கே படலமே உடைந்திருக்கிறது, ஃபில்லர் (வெடிப்பை அடைக்கிற பசை) வைத்து நிறம் அடிக்க வேண்டும், அதை லெதர் ரிப்பேர் செய்கிறவரிடம் விடுங்கள். ஆனால் சுத்தம் செய்வதற்கு முன்னால் போய் நிற்காதீர்கள், நீங்கள் வெடிப்பு என்று நினைக்கும் கோடுகளில் பாதி, சுருக்கத்தில் அடைந்த அழுக்காகவும் இருக்கலாம்.