மொழியியல் படித்தவர் பேச்சு, மொழி நோயியல் துறைக்கு வரலாமா?
மொழியியலில் இளங்கலை முடித்தவர் பேச்சு, மொழி, விழுங்குதல் ஆகியவற்றில் வரும் குறைபாடுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் இத்துறைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். பல நாடுகளில் இதற்கென முதுகலைப் படிப்பு உண்டு. உடற்கூறியல், செவியியல் போன்ற அடிப்படைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்லக்கூடும். பிறகு மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி, உரிமம்.

திக்கிப் பேசும் குழந்தைகள் மட்டுமே உங்களிடம் சிகிச்சைக்கு வருவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். குரல்வளை அகற்றப்பட்டவர்கள், விழுங்கும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் நோயாளிகள், பக்கவாதத்தால் சொல் கிடைக்காமல் தவிப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்த நோயாளி பெரும்பாலும் 'டான்' என்ற ஓரசையையே சொன்னார். ஆனால் பிறர் பேச்சு அவருக்குப் புரிந்தது. புரிந்துகொள்வதற்கும் பேசுவதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் உங்கள் மொழியியல் அறிவு நேரடியாகக் கைகொடுக்கும். விண்ணப்பிக்கும் முன் ஒரு நிபுணரிடம் அனுமதி பெற்று, சிகிச்சை நடப்பதை அருகிலிருந்து பாருங்கள்; முன்னேற்றம் எவ்வளவு மெதுவாக வரும் என்பது அப்போது தெரியும்.