புலவார் தொகுப்பில் ரோஸ் ரூஜ் எங்கே?

'புலவார்' இசைத்தட்டை வாங்கினேன், அதில் 'ரோஸ் ரூஜ்' பாடலைக் காணவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் இசைத்தட்டில் குறை எதுவும் இல்லை. நீங்கள் தேடும் 'ரோஸ் ரூஜ்' 1995இல் வந்த 'புலவார்' தொகுப்பில் கிடையாது. 2000இல் வெளியான 'டூரிஸ்ட்' தொகுப்பின் முதல் பாடல் அது.

இரண்டும் சான் ஜெர்மேன் என்ற பெயரில் பிரெஞ்சு இசைக் கலைஞர் லுடோவிக் நவார் செய்தவை, இரண்டிலும் ஜாஸும் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையும் கலந்திருக்கின்றன. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உறையைத் திருப்பி நிறுவனப் பெயரைப் பாருங்கள். எஃப் கம்யூனிகேஷன்ஸ் என்றிருந்தால் புலவார்; டூரிஸ்டை வெளியிட்டது புளூ நோட். காதால் அறிய வேண்டுமானால், ரோஸ் ரூஜில் திரும்பத் திரும்ப வரும் பெண்குரல் அமெரிக்கப் பாடகி மார்லீனா ஷா 1973இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஜாஸ் விழா மேடையில் பாடியதிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அந்தக் குரல் புலவாரில் எங்கும் கேட்காது.

தயவுசெய்து தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். புலவாரில் உள்ள 'டீப் இன் இட்' பாடலை இரவில், விளக்கைக் குறைத்துக் கேளுங்கள். எனக்கு டூரிஸ்டைவிட புலவாரே நெருக்கம்.

ஒன்று மட்டும்: புலவாரை நவாரின் 'முதல் தொகுப்பு' என்பது சான் ஜெர்மேன் என்ற பெயரைப் பொறுத்தவரைதான். அதற்கு முன்பே நவார் வேறு பெயர்களிலும் இசை வெளியிட்டிருக்கிறார்.