மழை மாதங்களில் நிற்கும் வண்டி: கேள்வி பதில்

ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தை பிறக்கும் வரை பைக்கை வெளியே எடுக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். பஸ், ரயில் என்று சமாளித்துக்கொள்கிறோம். வண்டி போர்ட்டிகோவில் நிற்கிறது. அந்த மூன்று மாதத்தில் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வரும்: நிற்கும் வண்டியைக் கெடுப்பது ஈரம். அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலைகளை நீங்களே யோசித்துச் செய்துவிடலாம்.

அண்ணா, என்னுடையது 2017 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. ஓட்டாவிட்டாலும் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறேன். அது போதுமா? (பெரம்பூர்)

போதுமா என்பதை விடுங்கள் தம்பி, அதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடும்போது அது சைலன்சர் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சரின் பின்பக்கம் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி, தகட்டை உள்பக்கமிருந்து அரிக்கும். ஒரு பங்கு எஞ்சின் ஆயிலிலும் சேரும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெளுத்த காபி நிறத்தில் களிம்பு மாதிரி படிந்திருந்தால் அது இதனால்தான். செல்ஃப் ஸ்டார்ட் இழுத்த கரண்டை ஐந்து நிமிட ஐடிலிங் திருப்பிக் கொடுப்பதும் இல்லை.

மழை விட்ட ஒரு நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். முடியாதா, தொடவே வேண்டாம். ஆனால் நிறுத்தி வைப்பதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள், தையில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஓடிப் பழையதான ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அதில் பேரிங்குகளை மூன்று மாதம் ஊறவைப்பானேன்? உங்கள் வண்டிக்கு 15டபிள்யூ-50. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, அதாவது பைக் ஆயிலுக்கான தரக்குறி, போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

பேட்டரியைக் கழற்றித்தான் வைக்கணுமா சார்? வீட்டில் கார் சார்ஜர் இருக்கிறது, அதிலேயே போடலாமா? (திருச்சி)

கழற்றுவது நல்லது. சாவி ஆஃபில் இருந்தாலும் டிஜிட்டல் மீட்டரும் அலாரமும் துளித்துளியாக இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது இதற்கு நேர்மாறு. அப்படிச் செய்தால் ஸ்பேனர் தவறி சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி வராது.

ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் சும்மா கிடந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுசாக இருக்கிறது. 12.4க்குக் கீழே வந்தால் சார்ஜ் போடுங்கள். 12க்கும் கீழே பல வாரம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. எத்தனை ஆம்பியரில் சார்ஜ் போடலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: பேட்டரியின் ஆம்பியர் ஹவரில் (ஏஹெச்) பத்தில் ஒரு பங்கு. 5 ஏஹெச் பேட்டரிக்கு அரை ஆம்பியர், 9 ஏஹெச்சுக்கு ஒரு ஆம்பியருக்குள். கார் சார்ஜர் நாலைந்து ஆம்பியர் தள்ளும், சின்ன பேட்டரி சூடாகி வீங்கிவிடும். பைக் பேட்டரிக்கென்று குறைந்த ஆம்பியர் சார்ஜர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். சாமி விளக்கோ கொசுவர்த்தியோ எரியும் அறையில் வைக்க வேண்டாம்.

டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

மூன்று மாதத்துக்கு நிரப்பி வையுங்கள். காலி டேங்கில் இருப்பது காற்று. இரவுக் குளிரில் அதிலுள்ள ஈரம் உள்சுவரில் வேர்த்து வழிந்து துருவாகும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து தண்ணீரோடு டேங்கின் அடியில் போய் உட்காரும். முதலில் எஞ்சினுக்குப் போவது அந்த அடிப்பகுதிதான். டேங்க் நிறைந்திருந்தால் ஈரக்காற்றுக்கு இடம் குறைவு.

கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை ஆஃபில் வைத்து, கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள். அந்தக் கொஞ்சப் பெட்ரோல் வற்றிப் பிசினாகித்தான் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையை, அடைக்கிறது. 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிப்படியான) வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் பெட்ரோல் தீரும் வரை ஓட்டிக் காயவைக்கக் கூடாது, டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான்.

பழைய வண்டியாக இருந்தால் பெட்ரோல் டியூபை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

செயின் சுத்தம் செய்ய, சென்டர் ஸ்டாண்டில் போட்டு முதல் கியரில் ஓடவிட்டு துணியைப் பிடித்தால் சீக்கிரம் முடியும் என்று நண்பன் சொல்கிறான். (மதுரை)

தயவுசெய்து வேண்டாம். துணியின் ஒரு நூல் மாட்டினால் போதும், கையை இழுத்துக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டில் விடும். விரல் போனவர்கள் எத்தனையோ பேர். எஞ்சின் ஆஃப், நியூட்ரல், சாவி சட்டைப்பையில். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், அப்போதும் துணியை ஸ்ப்ராக்கெட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மண்ணெண்ணெய் கிடைத்தால் அதில், இல்லையென்றால் செயின் கிளீனரில், நைலான் பிரஷ் போட்டுத் தேயுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினுக்குக் கம்பி பிரஷும் பெட்ரோலும் ஆகாது, ரப்பர் போய்விடும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுவிட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுங்கள். தொய்வு நம் வண்டிகளில் 25, 30 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சரியான அளவு கையேட்டிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ஸ்டிக்கரிலோ போட்டிருப்பார்கள். இறுக்கும்போது பின்சக்கர அச்சின் இரண்டு பக்கக் கோடும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

போன மழையில் சீட்டு வரை தண்ணீர் நின்றது. இந்த வருஷமும் அப்படி ஆனால் நானே என்ன செய்யலாம்? (வேளச்சேரி)

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகக் கிக்கரை உதைத்தால் கெடாத எஞ்சினும் கெடும். பிஸ்டனால் காற்றை அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

முதலில் தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. முழு பாலிசி இருந்தால் கை வைக்கும் முன் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். எஃப்ஐ வண்டி என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ சர்வீஸுக்குப் போய்விடுங்கள். ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), சென்சார், கனெக்டர் எல்லாம் வீட்டு வேலை இல்லை.

கார்புரேட்டர் வண்டியில் நீங்களே இறங்கலாம். பேட்டரியைக் கழற்றி, ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாவி ஆஃபிலேயே கிக்கரை மெதுவாகப் பலமுறை அழுத்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சும், முகத்தைத் தள்ளி வையுங்கள். அப்புறம் ஆயில் டிரெயின் போல்ட். தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்குவதால் அதுதான் முதலில் வரும். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, மற்ற வேலைகள் முடிந்ததும் சில நிமிடம் ஓடவிட்டு வடியுங்கள். இன்னும் வெளுப்பு தெரிந்தால் மறுபடியும். கடைசியில்தான் நல்ல ஆயில். டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் வடித்து, டிரம்களைத் திறந்து காயவைக்க மறக்காதீர்கள்.

கடற்கரைக்கு அருகில் வீடு. கவர் போட்டும் துரு பிடிக்கிறதே? (நாகப்பட்டினம்)

அந்த கவரே காரணமாக இருக்கலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் உப்பையும் ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, முழுசாகக் காயவிட்டு, கூரைக்குக் கீழே பழைய பருத்திப் புடவை போர்த்துங்கள். போல்ட் தலைகளிலும் ஸ்போக்குகளிலும் ஆயில் தொட்ட துணியால் ஒரு தடவை தடவிவிடுங்கள். டிஸ்க், பிரேக் ஷூ, டயர் பக்கம் அந்தத் துணி போகவே கூடாது.

பிரேக் வேலையையும் வீட்டிலேயே பார்க்கலாமா? அப்பாவின் ஸ்ப்ளெண்டரும் என் பல்சரும் இருக்கின்றன. (கோவை)

ஸ்ப்ளெண்டரின் டிரம்மை நீங்களே பார்க்கலாம் மா. சக்கரத்தைக் கழற்றி, தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஷூ தேய்மானத்தைப் பார்த்து, ஷூவை விரிக்கும் கேமின் முனையில் மட்டும் துளி கிரீஸ்.

பல்சரின் டிஸ்க் வேறு. டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குவது, ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேட் தேய்மானம், ஆயிலின் நிறம், அளவு இவற்றை நீங்கள் பாருங்கள். ஆயில் மாற்றி, பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவதை, முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிரேக்கில் மட்டும் நான் யாருக்கும் தைரியம் சொல்வதில்லை.

எலி ஒயரைக் கடிக்கிறது. (சேலம்)

சைலன்சர் வாயில் துணி அடைத்து, அதை நினைவூட்ட ஹேண்டில்பாரில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். வாரம் ஒருமுறை சீட்டைத் தூக்கிப் பாருங்கள். வண்டிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையோ கோழித் தீவனமோ வேண்டாம்.

அண்ணை, இஞ்ச நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் வண்டி எடுக்க ஏலாது. கராஜில ஹீட்டர் இல்லை. பற்றறி உறைஞ்சு போகுமோ? (ரொறன்ரோ)

முழு சார்ஜில் இருந்தால் உங்கள் ஊர்க் குளிர் அதை உறைய வைக்காது. மைனஸ் 50 டிகிரிக்கு அருகில் போக வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து வெடிக்கலாம். கழற்றி வீட்டுக்குள் வைத்து, தானே நின்று நின்று ஏற்றும் மெயின்டெய்னரில் போட்டுவிடுங்கள். ஐந்து ஆறு மாதம் என்பதால் டேங்கை நிரப்பும்போது ஃபியூவல் ஸ்டெபிலைசரும் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போகும்படி கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

பொங்கலுக்கு வண்டியை எடுக்கும்போது எதை முதலில் பார்ப்பது? (விழுப்புரம்)

சைலன்சர் துணியை எடுங்கள். ஆயில் அளவு, டயர் காற்று. பிரேக் பிடியைப் பலமுறை அழுத்தி, கையில் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் டேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் சொட்டினால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்பேனரின் கைப்பிடியால் கிண்ணத்தை லேசாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். சொட்டு நிற்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிளம்பியதும் தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று, பிரேக்கை நாலைந்து முறை மெதுவாகப் பிடித்து, டிரம்மில் உள்ள துருவும் ஈரமும் போகும் வரை. அப்புறம் எஞ்சின் நன்றாகச் சூடேற ஒரு இருபது கிலோமீட்டர். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் இந்த மூன்று மாதத்தில் முடிந்திருக்கலாம். தேதியைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுங்கள்.