எடைக் குறைப்பு மருந்துகள்: மாதச் செலவைப் பார்ப்பதா, ஆண்டுச் செலவைப் பார்ப்பதா?

மருத்துவர் சீட்டின் பேரில் வாங்கும் எடைக் குறைப்பு மருந்துகளின் செலவு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் அளிக்கிறேன். விலை நாட்டுக்கு நாடும், சில இடங்களில் மாதத்துக்கு மாதமும் மாறுவதால் பணத் தொகை எதையும் குறிப்பிடவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையை இட்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளும் முறையைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: லிராக்ளுடைடு, செமாக்ளுடைடு ஆகிய இரண்டு ஊசி மருந்துகளில் எதையும் தொடங்கலாம் என்று மருத்துவர் கூறுகிறார். முதல் மாதச் செலவைப் பார்த்தால் லிராக்ளுடைடு மலிவாகத் தெரிகிறது. அதையே தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: முதல் மாதச் செலவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், இந்த மருந்துகளைப் பொறுத்தவரை அதைப்போல ஏமாற்றும் எண் வேறில்லை. லிராக்ளுடைடு நாள்தோறும் போடும் ஊசி. எடைக் குறைப்புக்கான அதன் பேனா (மருந்து நிரப்பி வரும் ஊசிக் கருவி) ஒன்றில் 18 மி.கி. மருந்து இருக்கும். முதல் வாரம் நாளொன்றுக்கு 0.6 மி.கி., அடுத்தடுத்த வாரங்களில் 1.2, 1.8, 2.4 மி.கி. என்று கூட்டிச் செல்வதால் முதல் 28 நாட்களுக்கும் சேர்த்து 42 மி.கி. போதும், மூன்று பேனா வாங்கினால் மூன்றாவதில் பாதிக்கு மேல் மீதமிருக்கும். ஐந்தாம் வாரத்திலிருந்து நாளொன்றுக்கு 3 மி.கி. என்ற முழு அளவு தொடங்குகிறது. அப்போது ஒரு பேனா ஆறே நாட்களில் தீர்ந்துவிடும், 30 நாட்களுக்கு ஐந்து பேனா வேண்டும். முதல் மாதத்து மூன்று பேனாவை வைத்து வரவு செலவு போட்டவர்கள், அடுத்த மாதம் ஐந்து பேனாவுக்கான பில்லைக் கையில் வைத்துக்கொண்டு "கணக்கில் ஏதோ தவறு" என்று கேட்டு நிற்பதை மருந்தகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கில் தவறில்லை, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. முதல் ஆண்டு முழுவதற்கும் 1,053 மி.கி., அதாவது 59 பேனா தேவைப்படும்.

செமாக்ளுடைடு வாரம் ஒரு முறை போடும் ஊசி. 0.25, 0.5, 1, 1.7 மி.கி. ஆகிய ஒவ்வோர் அளவிலும் நான்கு வாரங்கள் இருந்து, பதினேழாம் வாரத்தில்தான் 2.4 மி.கி. என்ற முழு அளவை எட்டுவீர்கள். இங்கே வேறொரு பொறி இருக்கிறது. நான்கு வாரத்துக்கான ஒரு பெட்டியைப் பேச்சு வழக்கில் "ஒரு மாதப் பெட்டி" என்கிறார்கள், ஆனால் அது 28 நாட்களுக்குத்தான் வரும். ஆண்டுக்கு 52 வாரங்கள் என்பதால் நீங்கள் வாங்கப்போவது பன்னிரண்டு பெட்டி அல்ல, பதின்மூன்று. பல நாடுகளில் அளவு கூடக்கூட விலையும் கூடுவதால், முதல் ஆண்டுச் செலவு என்பது முதல் நான்கு அளவுகளுக்கான பெட்டிகளின் விலையோடு 2.4 மி.கி. பெட்டி ஒன்பதின் விலையைக் கூட்டினால் வருவது; இரண்டாம் ஆண்டிலோ பதின்மூன்று பெட்டியும் முழு அளவாகவே இருக்கும். குமட்டல் காரணமாகவோ, குறைந்த அளவிலேயே பலன் போதுமானதாக இருப்பதாலோ சிலர் 1.7 மி.கி.யிலேயே நின்றுவிடுகிறார்கள். அப்படியானால் அந்த அளவின் விலையை இட்டுக் கணக்கிடுங்கள்.

ஊசி முனைகளை மறந்துவிட வேண்டாம். நாள்தோறும் போடும் மருந்துக்கு ஆண்டுக்கு 365 முனைகள் வேண்டும். லிராக்ளுடைடு பெட்டியில் அவை இருப்பதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். வார ஊசிக்கு 52 போதும். அதிலும் ஒரு முறை மட்டும் பயன்படும் பேனாக்களில் முனை உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும்.

கேள்வி: வாரம் ஒரு முறை போடும் மற்றோர் ஊசியான டிர்செபடைடு அதிக விலை. கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பலன் உண்டா?

பதில்: இதற்கு நான் பயன்படுத்தும் எளிய அளவுகோல், ஆண்டுச் செலவை எடை குறைந்த சதவீதத்தால் வகுத்து, ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. டிர்செபடைடையும் செமாக்ளுடைடையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. நீரிழிவு இல்லாத, உடற்பருமன் உள்ளவர்களிடம் 72 வாரங்களில் டிர்செபடைடு சராசரியாக 20.2 சதவீதமும், செமாக்ளுடைடு 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.5 வருகிறது. ஆகவே, டிர்செபடைடின் ஆண்டுச் செலவு செமாக்ளுடைடின் செலவைப்போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் சதவீதக் கணக்கில் நட்டமில்லை, அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை எடுத்துப் போடாதீர்கள். லிராக்ளுடைடும் செமாக்ளுடைடும் தனித்தனியாக நடந்த பெரிய ஆய்வுகளில் 8.0, 14.9 சதவீத எடைக் குறைவைக் காட்டின. ஒப்பீட்டுக்காக மருந்தற்ற ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் ஏற்பட்ட குறைவான 2.6-ஐயும் 2.4-ஐயும் கழித்துப் பார்த்தால் செமாக்ளுடைடின் பலன் சுமார் 2.3 மடங்கு. அதே இரண்டு மருந்துகளையும் ஒரே ஆய்வில் வைத்து ஒப்பிட்டபோது கிடைத்தவை 6.4, 15.8 சதவீதம், அங்கே மருந்தற்ற ஊசிக்கான 1.9-ஐக் கழித்தால் மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. ஆய்வில் சேர்ந்தவர்கள், காலம், உணவு ஆலோசனை ஆகியவை மாறும்போது எண்ணும் மாறுகிறது. உங்கள் பணப்பையோ அந்த எண்ணை நம்பித்தான் திறக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு எடை குறைவது பொதுவாகவே மெதுவாக இருக்கும். அவர்களிடம் நடத்திய ஆய்வுகளில் செமாக்ளுடைடு 2.4 மி.கி. 9.6 சதவீதமும், டிர்செபடைடு 15 மி.கி. 14.7 சதவீதமும்தான் குறைத்தன. அதே விலையைக் கொடுத்தாலும் அவர்களுக்கு ஒவ்வொரு சதவீதமும் கூடுதல் செலவில்தான் கிடைக்கும்.

டிர்செபடைடில் பணம் மிச்சப்படும் இடம் ஒன்று உண்டு. அதன் முதல் பெரிய ஆய்வில் 5 மி.கி. அளவு 15.0 சதவீதமும், 10 மி.கி. 19.5 சதவீதமும், 15 மி.கி. 20.9 சதவீதமும் எடையைக் குறைத்தன. ஐந்திலிருந்து பத்துக்குப் போவதில் உள்ள ஆதாயம் பத்திலிருந்து பதினைந்துக்குப் போவதில் இல்லை. உங்கள் நாட்டில் அளவுக்கேற்ப விலை ஏறுமானால், 10 மி.கி.யிலேயே நிற்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆனால் இந்த வகுத்தல் கணக்கை வைத்தே முடிவெடுத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே இதயநோய் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், செமாக்ளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. அத்தகைய நோயாளியிடம் ஒரு சதவீத எடைக்கு என்ன செலவு என்று நான் பேசுவதில்லை.

கேள்வி: இணையத்தில் இந்த மருந்துகளைத் தூளாக விற்கும் குப்பிகள் பேனா விலையில் சிறு பங்குதான். அல்லது, பெரிய அளவு பேனா ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டால் என்ன?

பதில்: தூள் குப்பியை நீங்களே கரைத்து, இன்சுலின் சிரிஞ்சில் எடுத்துப் போட வேண்டும். அந்தச் சிரிஞ்சில் உள்ள கோடுகள் மில்லிகிராமைக் காட்டுவதில்லை. நூறு கோடு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 5 மி.கி. இருக்கும்படி கரைத்திருந்தால், செமாக்ளுடைடின் 0.25 மி.கி. என்ற தொடக்க அளவுக்கு ஐந்தாம் கோடு வரை இழுத்தால் போதும். கோட்டையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொண்டு ஐம்பது வரை இழுத்தால் உடலுக்குள் போவது 2.5 மி.கி., பத்து மடங்கு. கற்பனையாக இதைச் சொல்லவில்லை. குப்பியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் எச்சரித்தது. விடாத வாந்தியும் நீரிழப்புமாக மருத்துவமனையில் சேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் முதல் நாளே போய்விடும். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சிட்ட குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதும் இல்லை.

பேனாவைப் பிரிப்பது இவ்வளவு ஆபத்தானதல்ல என்றாலும் அதையும் நான் பரிந்துரைப்பதில்லை. நான்கு ஊசிக்கான டிர்செபடைடு பேனாவை முதல் முறை பயன்படுத்திய 30 நாட்களுக்குப் பின் எறிந்துவிட வேண்டும், 15 மி.கி. பேனாவை, அதன் குமிழைத் திருகும்போது கேட்கும் சொடுக்குகளை எண்ணி 5 மி.கி.யாகப் பிரித்தால் அது பன்னிரண்டு வாரம் வரும், அதில் பெரும்பகுதி காலாவதியான மருந்து.

கேள்வி: பழைய மாத்திரைகள் மலிவாக இருக்கும்போது ஊசிக்கு ஏன் செலவிட வேண்டும்?

பதில்: எல்லோருக்கும் ஊசி தேவை என்று நான் சொல்லவில்லை. உணவிலுள்ள கொழுப்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் ஆர்லிஸ்டாட் 120 மி.கி. மாத்திரையை மூன்று வேளை உணவோடும் எடுத்தால் 28 நாட்களுக்கு 84 வேண்டும். கொழுப்பில்லாத உணவுக்கு அது தேவையில்லை என்பதால் உண்மையில் குறைவாகவே செலவாகும். ஏ, டி, இ, கே வைட்டமின்களின் உறிஞ்சலை அது குறைப்பதால் வைட்டமின் மாத்திரையின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டு ஆய்வொன்றில் ஆர்லிஸ்டாட் எடுத்தவர்கள் 5.8 கிலோவும், எடுக்காதவர்கள் 3.0 கிலோவும் குறைந்தார்கள். அந்த இடைவெளி உங்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

நால்ட்ரெக்சோன், புப்ரோப்பியான் சேர்ந்த மாத்திரையில் மீண்டும் முதல் மாதப் பொறி வருகிறது. நாளொன்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாரவாரம் ஏறுவதால் முதல் நான்கு வாரத்துக்கு 70 மாத்திரை, அதன் பிறகு ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் 112. வலிப்பு நோய் உள்ளவர்களும் ஓபியாய்டு (மார்பின் போன்ற) வலி நிவாரணி எடுப்பவர்களும் இதை எடுக்கக் கூடாது. பசியைக் குறைக்கும் ஃபென்டெர்மின் மாத்திரை மிக மலிவு, ஆனால் 1959-ல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றதே சில வாரப் பயன்பாட்டுக்குத்தான். இதயநோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மலிவு என்பதற்காக ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கும் யோசனை வேண்டாம்.

கேள்வி: ஆறு மாதம் போட்டு, எடை குறைந்ததும் நிறுத்திக்கொள்ள நினைக்கிறேன். செலவுக்கு அதுதானே வழி?

பதில்: டிர்செபடைடை 36 வாரம் போட்டு 20.9 சதவீத எடையைக் குறைத்தவர்களை இரண்டாகப் பிரித்த ஓர் ஆய்வு இருக்கிறது. அடுத்த 52 வாரங்களில் தொடர்ந்தவர்கள் மேலும் 5.5 சதவீதம் குறைந்தார்கள். மருந்தற்ற ஊசிக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 14 சதவீதம் திரும்ப ஏறியது. செமாக்ளுடைடை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனவே ஆறு மாதத்தோடு நிறுத்தினால் அந்தச் செலவு பெரும்பாலும் ஆற்றில் கரைத்த புளிதான். விட்டுவிட்டுப் போடுவதிலும் மிச்சமில்லை: இடைவெளி நீண்டால் மறுபடியும் தொடக்க அளவிலிருந்து ஏற வேண்டியிருக்கும், அந்த வாரங்களுக்கான பணம் பலனில்லாமல் போகும். இரண்டு ஆண்டுக்கு உங்களால் என்ன செலவிட முடியும் என்பதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குள் அடங்கும் மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுப்பது அவருக்கும் எளிது.

நியாயமாக நிறுத்தக்கூடிய சூழலும் உண்டு. அமெரிக்காவில் லிராக்ளுடைடுக்கான வழிகாட்டுதலின்படி, 16 வாரத்தில் குறைந்தது 4 சதவீத எடை குறையவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பலனில்லாத மருந்துக்குப் பதினேழாம் வாரமும் பணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: நீரிழிவுக்கென விற்கும் அதே மருந்து மலிவாமே?

பதில்: மூலக்கூறு ஒன்றேதான். செமாக்ளுடைடு ஓசெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்கும், வீகோவி என்ற பெயரில் எடைக் குறைப்புக்கும் விற்கப்படுகிறது. வழக்கமான முழு அளவு ஓசெம்பிக்கில் 2 மி.கி. வரை, வீகோவியில் 2.4 மி.கி.; காப்பீடு பெரும்பாலும் முன்னதற்குக் கிடைக்கும், பின்னதற்கு மறுக்கப்படும். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் அந்த வழியை மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், சீட்டில் நீரிழிவு என்று எழுதச் சொல்லாதீர்கள். பிற்காலத்தில் ஆயுள் காப்பீடு எடுக்கும்போது அந்த ஒரு சொல் உங்களுக்கே வினையாக முடியும்.