வாசகர் கேள்விகள்: இடம்பெயர்ந்தோரைப் பார்க்கப் போகும்போது

கேள்வி: நான் கனடாவில் வளர்ந்தவள். 1990இல் மயிலிட்டியை விட்டு வெளியேறிய என் அம்மா அதன்பின் அங்கே போனதில்லை. ஆவணியில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறேன். மல்லாகத்துப் பக்கம் முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்த எங்கள் ஊரவரைப் பார்க்க விரும்புகிறேன். கொடுப்பதற்கு உடைகளும் விளையாட்டுப் பொருள்களும் சேர்த்து வைத்திருக்கிறேன். எப்படிப் போவது, என்ன பேசுவது?
– ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களிலிருந்து, சில நாள்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் அவர்கள். ஊர், பொதுமக்கள் நுழைய முடியாத உயர் பாதுகாப்பு வலயமாகி வேலி அடைக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். பலாலியைச் சுற்றிய காணிகளில் ஒரு பகுதி இன்னும் படையினர் வசம் இருக்கிறது. நாட்டின் எல்லையைத் தாண்டாததால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அகதிகளும் அல்லர். சொந்த வீட்டிலிருந்து சில மைல் தொலைவில், கடல் கண்ணில் படாத இடத்தில், தகரக் கொட்டில்களுக்குள் கால் நூற்றாண்டைக் கழித்த கடற்றொழிலாளர் அவர்களில் பலர்.

ஆகவே எவரையும் 'முகாம் ஆக்கள்' என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளைக் கூனிக் குறுக வைத்தது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். 'உங்கட ஊர் எது?' என்று கேட்டுப் பாருங்கள். கோணாப்புலம் முகாமில் பிறந்து, ஊரைக் கண்ணாலும் காணாமல் வளர்ந்த இளைஞனும் மயிலிட்டி என்றுதான் சொல்லுவான். அம்மாவின் பெயரையும் அவருடைய வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதையும் நீங்கள் சொன்னால், அந்த ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு யாருடையது, கோயிலில் எந்தத் திருவிழா யாருடைய உபயம் என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். இழப்பைக் கிளறிக் கேட்க வேண்டியதில்லை. சொல்ல மனம் வந்தால் அந்தப் பேச்சினிடையே சொல்லுவார்கள்.

கொண்டுவரும் பொருள்களைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுக்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். பதிவுக்கும் நிவாரணத்துக்கும் ஆண்டுக்கணக்காக வரிசையில் நின்ற பெற்றோரின் கண் முன்னால் அது நடக்கக் கூடாது. உறவினர் ஒருவர் வழியாக முன்கூட்டியே கேட்டறிந்து, ஒரு வலை, ஒரு பிள்ளையின் ரியூசன் பணம், இடப்பெயர்வில் தொலைந்த காணி உறுதிக்குப் பிரதி எடுக்கும் செலவு என்று, அந்த வீட்டுக்குத் தேவையானதைத் தனியே கொடுங்கள். தேநீர் தந்தால் மறுக்காமல் குடியுங்கள். அவர்களே கேட்டாலொழியப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: புத்தளத்தில் வாழும் வடக்கு முஸ்லிம் குடும்பங்களைச் சந்திக்கப் போகிறோம். 'எப்போது ஊர் திரும்புவீர்கள்?' என்று கேட்கலாமா?
– ஒரு மாணவர், மட்டக்களப்பு

பதில்: அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழராகிய நாம் இதை 'வெளியேற்றம்' என்றே சொல்ல வேண்டும். 'இடப்பெயர்வு' என்ற மெல்லிய சொல்லுக்குள் மறைப்பது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. புத்தளத்தில் பிறந்து, அங்கேயே படித்து மணம் முடித்தவரின் காதில் உங்கள் கேள்வி, 'இங்கிருந்து எப்போது போவீர்கள்?' என்றும் விழும். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1998இல் முன்வைத்த வழிகாட்டும் நெறிமுறைகளின்படி, ஊர் திரும்புவதா, வேறிடத்தில் குடியமர்வதா என்பது அவர்களுடைய சொந்த விருப்பம். விட்டுவந்த சொத்தை மீட்கவோ, அது இயலாதபோது ஈடு பெறவோ அவர்களுக்கு உதவ வேண்டியது அதிகாரிகளின் கடமை. புத்தளத்தில் வீடு கட்டியதால் யாழ்ப்பாணக் காணியின் மீதுள்ள உரிமை போய்விடாது.

வயதானவர்களிடம் யாழ்ப்பாண முஸ்லிம்களின் ஒஸ்மானியாக் கல்லூரியைப் பற்றியும், அவர்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் இருந்த கடைகளைப் பற்றியும் கேளுங்கள். அந்தத் தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று அவர்கள் உங்களிடம் திருப்பிக் கேட்கக்கூடும். ஆகவே புத்தளம் போகும் முன், யாழ்ப்பாணத்தில் அந்தத் தெருவை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுப் போங்கள்.