சேலத்தில் பெரியவர்கள் மூன்று பேர் தங்க எந்த அறை கட்டுபடியாகும்?

மூன்று பேருக்கு இரண்டு வழி: இருவர் அறையில் எக்ஸ்ட்ரா பெட் போடுவது, இல்லையேல் மூன்று கட்டில் உள்ள அறை எடுப்பது. எக்ஸ்ட்ரா பெட் என்பது மூன்றாமவருக்குப் போடும் கூடுதல் படுக்கை. பல ஓட்டல்களில் அது கட்டில் இல்லை, தரையில் விரிக்கும் மெத்தைதான். அறை வாடகை இருவரைக் கணக்கிட்டு வைப்பது. இன்னொருவருக்குப் போர்வை, துண்டு, காலை உணவு எனச் செலவு கூடுவதால் தனிக் கட்டணம். ஏறி உட்கார்ந்த பிறகு ஆட்டோவில் பேரம் பேசுவது போலத்தான், வந்திறங்கியபின் கேட்டால் அவர்கள் சொல்வதே விலை. அதனால் முன்பதிவிலேயே மூன்று பெரியவர்கள் என்று சொல்லி, கட்டிலா மெத்தையா என்றும் போனில் கேட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்கும் அம்மா கூட வந்தால், சற்று அதிகமானாலும் மூன்று கட்டில் அறையே மேல்.

புதிய பேருந்து நிலையம், ஐந்து ரோடு பக்கம் தேடலாம்; ரயிலில் வந்தால் சூரமங்கலம். ஏற்காட்டில் கோடை சீசனில் வாடகை ஏறிவிடும், அப்போது சேலத்தில் தங்கி மேலே போய்வருவது மலிவு.

அப்புறம், ‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்பது கல்லூரி போகும் மகனுக்கும் சேர்த்து என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு குழந்தைகளுக்கு மட்டும்தான்.